அஸ்தமனத்துக்கு முன் ஒரு பார்பிக்யூ

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலையில் விறகில் எறும்பு இருந்தது.
2. அதனால் அடுப்பு பற்ற வேண்டிய நேரத்தில் பற்றவில்லை.
3. விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.
4. பலாக்காய் வேகவில்லை.
5. பலாக்காய் வெந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது.
6. சூரியன் மறைந்தபின் சாப்பிடாத மூன்று பேர் எங்கள் மொட்டை மாடியில் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அளவுக் கருவிகளோடு வேலை செய்கிறவள். ஆலையில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் இப்படித்தான் எழுதுவோம். காரணமும் விளக்கமும் பிறகு. இந்த ஆறு வரிக்கு விளக்கம் கொஞ்சம் நீளம்.

எங்கள் நிறுவனம் என்னை இரண்டு வருடம் அமெரிக்காவின் தெற்குப் பக்கம், டென்னசி மாநிலத்தில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தது. அங்கே விடுமுறை நாளில் யார் வீட்டுக்குப் போனாலும் கொல்லையில் ஒரு இரும்புப் பெட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருக்கும். நம் ஊர் ஓட்டல்களில் பார்பிக்யூ என்றால் கம்பியில் குத்தித் தணலில் வாட்டுவது. அங்கே அது வேறு. நெருப்பு ஒரு ஓரத்தில் இருக்கும், இறைச்சி மறு ஓரத்தில் இருக்கும், மூடி போட்டுவிடுவார்கள். மெதுவான சூட்டிலும் விறகுப் புகையிலும் அரை நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் கையால் பிய்த்தால் நார் நாராக வரும். சூட்டைக் கட்டுக்குள் வைப்பதுதான் அதில் முழு வேலையும். என் தொழிலும் அதுதான் என்பதால் எனக்குப் பிடித்துவிட்டது. திரும்பி வந்ததும் செங்கம் ரோடு பட்டறையில் ஒரு டிரம்மை வெட்டி, கீல் வைத்து, மூடியில் வெப்பமானி பொருத்தி வாங்கினேன். அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற வீடு. மாதம் ஒரு ஞாயிறு மாடியில் கோழி வேகும். அம்மா குறை சொல்லிக்கொண்டே இரண்டு கால் சாப்பிடுவாள்.

என் குழுவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்கு, நான் இருந்த அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. போளூருக்கு அப்பால் ஒரு கிராமம் அவளுக்கு. சமணக் குடும்பம், நெல்லும் வேர்க்கடலையும் விவசாயம். மாதக் கடைசிக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவள் பதில் சொல்லியாக வேண்டும். அவள் அப்பா போகக் கூடாது என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. "அங்க இன்னா சாப்பிடுவ?" என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். அடுத்த நாளும் அதையே கேட்டார்.

ஒரு நாள் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"நீங்க அங்க இருந்தவங்க. மறைக்காம சொல்லுங்க. அந்த ஊர் ஜனங்க இன்னா சாப்பிடறாங்க?" என்றார்.

"ஜாஸ்தி கறிதாங்க."

"பாத்தீங்களா."

"ஆனா காராமணியும் சாப்பிடறாங்க. வெண்டைக்காய் சாப்பிடறாங்க. சோள மாவுல ரொட்டி சுடறாங்க. கறி ஒண்ணை எடுத்துட்டா மத்ததெல்லாம் நம்ம தோட்டத்துல இருக்கறதுதான்."

"என் தம்பி பையன் போனாம்மா. நல்ல பையன். போன புதுசுல ராத்திரி சாப்பாடு ஆரம்பிச்சான். வேலை முடியவே ஏழாவுது பெரியப்பான்னான். சரின்னு இருந்தோம். அப்புறம் முட்டைன்னான். இப்ப நான் கேக்கறதே இல்லை. அவனைக் கெட்டவன்னு சொல்ல மாட்டேன். அங்க பாக்கறதுக்கு ஆள் இல்லை, அவ்ளோதான்."

பேசித் தீராத விஷயம் என்றால் நான் செய்யக்கூடிய வேலை எதையாவது ஒப்புக்கொண்டுவிடுவேன். "அந்த ஊர் சாப்பாட்டை உங்க முறைப்படி நான் செஞ்சு காட்டறேங்க. எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன்.

அவர், "பொழுதோட சாப்பிட்டுடணும்மா" என்றார். வருகிறார்கள் என்று அர்த்தம்.

அவளிடம் கேட்டு முறைகளை எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். இறைச்சி, முட்டை, தேன் இல்லை. வெங்காயம், பூண்டு, மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதுவும் இல்லை. வினிகர் மாதிரிப் புளிக்க வைத்தது இல்லை. முந்தின நாள் செய்து வைத்தது இல்லை. தண்ணீர் துணியில் வடிகட்டியது. சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் முந்தின இரவே மசாலா தடவி ஊறவைத்துவிடுவார்கள். எனக்கு எல்லாமே ஒரே பகலில் முடிய வேண்டும்.

அம்மா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "கோழி இல்ல, வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல. மிச்சம் இன்னாடி இருக்கு? புகைதான் இருக்கு."

"பலாக்காய் இருக்கும்மா."

"அதுக்கு எதுக்கு டிரம்மு? வேகவெச்சுத் தாளிச்சா பத்து நிமிஷம்."

கோழி வெந்த டிரம் ஆகாது என்று புதிதாக ஒன்று செய்யச் சொன்னேன். பட்டறைக்காரர், "முன்னது ஒழுகுதாம்மா?" என்று கேட்டார். சைவத்துக்கு என்றேன். "சைவத்துக்குத் தனி டிரம்மா!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் நான் கேட்காமலே உள்ளே மணல் போட்டுத் தேய்த்து, வெறும் நெருப்பு ஒரு தடவை எரித்துக் கொடுத்தார். தட்டு, வாணலி, கரண்டி எல்லாம் புதிது. அந்த வாரம் முழுவதும் அம்மா வீட்டுக்குள் முட்டைகூட வாங்கவில்லை. நான் சொல்லி அல்ல, தானாகவே.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவள் மட்டும் வந்துவிட்டாள், கூடமாட வேலை செய்ய. அவள் அப்பாவும் அம்மாவும் மத்தியானம் கிளம்பி வருவதாகத் திட்டம். என் அம்மா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பலாக்காயை அறுக்க உட்கார்ந்தாள். காராமணி ஊறிக்கொண்டிருந்தது. புளியும் வெல்லமும் தக்காளியும் மிளகும் போட்டுக் கூழாகக் காய்ச்சிய சாறு ஒரு பக்கம் கொதித்தது. வினிகருக்குப் பதில் புளி என்றதும் நான் தயங்கியிருந்தேன். வாயில் வைத்துப் பார்த்தபோது புளியே மேல் என்று தோன்றியது. காலை பத்து மணிக்குள் நெருப்பு போட்டால் நாலு மணிக்கு நிதானமாக இறக்கலாம் என்பது என் கணக்கு.

கொய்யாவும் மாவும் கலந்த விறகு. நன்றாகக் காய்ந்த தடித்த கட்டைகள். நான் ஒன்றை எடுத்து டிரம்முக்குள் வைக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இருங்க. அதுல எறும்பு இருக்கு."

கட்டையின் வெடிப்பிலிருந்து கறுப்பாக இரண்டு மூன்று வெளியே வந்தன. நான் கட்டையைத் தரையில் தட்டினேன். இன்னும் பத்து வந்தன.

"புகை போட்டா தானா ஓடிடும்" என்றேன்.

"வெளிய இருக்கறது ஓடும். உள்ள முட்டை வெச்சிருக்கும், அது எங்க ஓடும்?"

அவள் அடுத்த கட்டையை எடுத்தாள். அதில் எறும்பு இல்லை. துளையும் மாவும் இருந்தது. உள்ளே வண்டு அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் பட்டியலில் பாத்திரம் இருந்தது, தண்ணீர் இருந்தது, உப்புகூட இருந்தது. விறகு இல்லை. விறகைச் சாப்பாடு என்று நான் நினைக்கவில்லை.

"உங்க அப்பா வர சாயந்திரம் ஆயிடும்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்பது அவளுக்கும் புரிந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. எனக்கு விஷயம் தெரியாது என்கிற மாதிரி பார்த்தாள். "அப்பாவுக்காகவா அக்கா இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டையைத் தட்டத் தொடங்கினாள்.

பிறகு நடந்தது இதுதான். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தோம். எறும்பும் துளையும் உள்ளவற்றை எடுத்துப் போய்ப் பக்கத்துக் காலிமனையில் வேப்பமர நிழலில் அடுக்கினோம். நல்லதாகத் தெரிந்ததையும் அவள் நம்பவில்லை. உள்ளே பார்க்க வேண்டும் என்றாள். அதனால் எல்லாவற்றையும் மெல்லிய சிலாம்பு சிலாம்பாகப் பிளந்தோம். அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். "விறகைக் கீரை ஆயற மாதிரி ஆயறத இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள். ஆனால் அவள் ஆய்ந்ததுதான் சுத்தமாக இருந்தது.

நெருப்பு பற்றியபோது உச்சிவெயில் தாண்டிவிட்டது. சிலாம்பு விறகுக்கு வேறு சிக்கல் உண்டு. தடித்த கட்டை நின்று எரியும். சூடு ஒரே நிலையில் இருக்கும். சிலாம்பு குப்பென்று எரிந்து அடங்கிவிடும். வெப்பமானியின் முள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நான் காற்றுத் துளையைத் திறந்து மூடிக்கொண்டு டிரம்மை விட்டு நகரவே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விறகு கொடுத்தாள். ஆலையில் ஒரு இயந்திரம் தானாகச் செய்கிற வேலையை இரண்டு பொறியாளர்கள் கையால் செய்தோம்.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். அவள் அப்பா வெள்ளை வேட்டி, மடித்த குடை. அவள் அம்மா கையில் ஒரு பை. அதில் ஒரு தேங்காய், சீப்பு வாழைப்பழம், துவைத்து மடித்த வெள்ளைத் துணி. வந்ததும் கூச்சத்தோடு, "தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி அந்தத் துணியை எங்கள் குழாயில் கட்டினாள்.

"தப்பு இன்னாங்க இருக்கு? இந்தத் தண்ணிக்கு நாங்களே கட்டணும்" என்றாள் என் அம்மா. ஒரு குடம் பிடித்ததும் துணியில் படிந்த மண்ணை இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அதன்பின் அந்த இருவருக்கும் எங்களில் யாரும் தேவைப்படவில்லை. சோள ரொட்டியையும் வெண்டைக்காயையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா மாடிக்கு வந்து டிரம்மைச் சுற்றிப் பார்த்தார். வெப்பமானியைப் பார்த்தார். "இது எவ்ளோ நேரம் ஆவும்மா?"

"இன்னும் கொஞ்சம் ஆகுங்க. தாமதமாயிடுச்சு" என்றேன். காரணத்தை நான் சொல்லவில்லை. மகளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லப்போனால் சிபாரிசு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவள் தலையைக் குனிந்துகொண்டு விறகு கொடுத்தாள்.

என் அம்மாவுக்கு அந்த யோசனை எல்லாம் கிடையாது. ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு புகார் சொன்னாள்.

"லேட்டுக்கு யார் காரணம்னு கேளுங்க. உங்க பொண்ணுதாங்க! கட்டையை வைக்கவே வுடலை. எறும்பாம், வண்டாம், ஒவ்வொண்ணாத் தட்டித் தட்டி, பாதி விறகைக் கொண்டுபோய் காலிமனையில குடி வெச்சுட்டு வந்துச்சு. எம்பொண்ணு சொல்றா, உங்கப்பா வரலையே இப்பன்னு. அதுக்கும் கேக்கலை. எங்களையும் உக்கார வெச்சு மத்தியானம் வரைக்கும் விறகு பொளந்துச்சு. என் கையைப் பாருங்க!"

எனக்கு முகம் சூடானது, அடுப்பினால் அல்ல. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. மகளையும் பார்க்கவில்லை. மாடியின் கைப்பிடிச் சுவர் வரை நடந்துபோய்க் காலிமனையை எட்டிப் பார்த்தார். வேப்பமரத்தடியில் கட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"மழை வந்தா நனையுமே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"மேல ஓலை போட்டிருக்கேன்பா" என்றாள் அவள்.

அவர் தலையாட்டினார்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். அஸ்தமன நேரத்தைப் போனில் பார்த்து வைத்திருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் போல இருந்தது. பலாக்காயில் குச்சியை விட்டுப் பார்த்தேன். நடுவில் இன்னும் கடினம். சாறு தடவி மறுபடி மூடினேன். அடுத்த முறை குச்சி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூடியைத் திறந்து, கரண்டியால் அழுத்தியதும் பலாக்காய் நார் நாராகப் பிரிந்தது. அந்த ஊரில் எத்தனையோ முறை பார்த்தது மாதிரியே. நான் நிமிர்ந்தபோது மாடி முழுக்க நிழல்.

எங்கள் வீடு ரயில் நிலையத்தைத் தாண்டி இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலைதான். வெயில் அதன் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

"நம்ம வீட்டுக்கு எப்பவுமே வெயில் சீக்கிரம் போயிடுமேடி" என்றாள் அம்மா. "துணி காயப் போடறவளுக்குத் தெரியும். என்னைக் கேட்டியா?"

அவளுடைய அம்மா தன் கையிலிருந்த தட்டை மெல்லத் தரையில் வைத்தாள். மகளும் வைத்துவிட்டாள். "பரவால்ல அக்கா. வாசனையிலயே வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வாழைப்பழம்தான் சாப்பிட்டிருந்தாள். போனில் நேரம் இருக்கிறது என்று காட்டலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சூரியனுக்கு என் போனைச் சாட்சி சொல்லச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா மலையைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். வயலில் நிற்கிறவர் மாதிரி கையை நெற்றியில் வைத்திருந்தார்.

"அதோ" என்றார்.

கிழக்கே வீடுகளுக்கு மேல் ஒரு தண்ணீர் டேங்க். அதன் வட்டச் சுவர் முழுக்க மஞ்சள் வெயில். அதற்கும் அப்பால் தென்னை உச்சிகளில் வெயில்.

"மலை மறைச்சா அஸ்தமனமா? இது நிழல்" என்றார். "எங்க ஊர்ல இப்ப நல்ல வெயில் அடிச்சிட்டு இருக்கும். உக்காருங்க. போடும்மா. டேங்க்ல வெயில் இருக்கற வரைக்கும் சாப்பிடலாம்."

அம்மாவும் நானும் பரிமாறிய வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. பலாக்காய், காராமணி, சோள ரொட்டி, சோள மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய், வெள்ளரியும் மாங்காயும். எல்லோரும் மலைக்கு முதுகைக் காட்டி, டேங்க்கைப் பார்த்த மாதிரி வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். விருந்து என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காருவார்கள். நாங்கள் பஸ்ஸில் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பேச்சு குறைவு. அவள் அம்மா மட்டும் முதல் வாயில், "புகை வாசனை கொஞ்சம் கம்மியா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள். இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்பா பலா நாரை விரலால் பிரித்துப் பார்த்துச் சாப்பிட்டார். "இதுல கறிக்குப் பதிலா இதைப் போட்டிருக்கீங்க. சரி. அங்க இந்தக் காய் கிடைக்குமா?"

"டின்ல கிடைக்கும். புதுசா கிடைக்காதுங்க."

"பொய் சொல்ல மாட்டேங்கறீங்க" என்றார். அது பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

வெயில் டேங்கின் சுவரில் மேலே ஏறிக்கொண்டே போனது. விளிம்புக்கு வந்தபோது அவர் சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்து, தட்டை நகர்த்தியிருந்தார். மகளின் தட்டையும் பார்த்தார். காலி. அவள் கை கழுவப் போனதும் என்னிடம் திரும்பினார். நான் எதிர்பார்த்தது உணவைப் பற்றி ஏதாவது.

"அந்த ஊர்ல மலை இருக்கா?" என்று கேட்டார்.

"பக்கத்துல இல்லைங்க. சமமான ஊர்தான்."

"பொழுது எப்ப போவும்?"

"ஜூன்ல எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பர்ல அஞ்சுக்கு முன்னாடியே இருட்டிடும்."

"அஞ்சுக்கு முன்னாடியா!" என்றார். யோசித்தார். "காலேஜ் எத்தனை மணிக்கு வுடுவாங்க?"

"ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது. டப்பால எடுத்துட்டுப் போய் நாலரைக்குச் சாப்பிட்டுக்கலாம். நான் இருந்தப்போ கூட வேலை செஞ்சவங்க பல பேர் அஞ்சு மணிக்கே சாப்பிடுவாங்க."

"அவ சாப்பிட்டுக்குவா" என்றார். 'க்குவா' என்று அவர் இழுத்ததில் சம்மதம் இருந்ததா, நான் சேர்த்துக்கொண்டதா என்று அன்றைக்குத் தெரியவில்லை. "மாசாமாசம் பொழுது எப்பப் போவும்னு எழுதி அனுப்புங்க. மொத்தமா பன்னெண்டு மாசத்துக்கும்."

அன்றே எழுதி அவள் போனுக்கு அனுப்பினேன். எங்கள் ஊர் நேரத்தையும் பக்கத்தில் ஒரு வரிசையாகச் சேர்த்தேன்.

இன்றைய நிலவரம்: அவர் இன்னும் போ என்று சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. நான் அனுப்பியதைக் கடையில் அச்செடுத்து வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார் என்றும், நவம்பரிலிருந்து ஜனவரி வரை பேனாவால் வட்டம் போட்டு 'நாலரை' என்று எழுதியிருக்கிறார் என்றும் அவள் சொன்னாள். சோள ரொட்டி செய்முறையை அவள் அம்மா என் அம்மாவிடம் போனில் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலிமனையில் கட்டைகள் ஓலைக்கடியில் அப்படியே இருக்கின்றன. புதிய டிரம் மாடியில் பழைய டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதில் இதுவரை காயைத் தவிர வேறெதுவும் வேகவில்லை.